கொடுப்பதா, விடுவதா?



சென்ற திங்கள் இதழ் வெளிவந்த மறுவாரமே, ஓர் அன்னையிடமிருந்து அஞ்சலட்டை ஒன்று வந்து சேர்ந்தது. அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் பயில்கிறாள். அவள் வீட்டில் ஒரு வழக்குத் தொடுத்திருக்கிறாள். “‘கிவ்’ என்றால் கொடு. ‘அப்’ என்றால் மேலே. அப்படியிருக்க, ‘கிவ் அப்’ என்பதற்குக் ‘கைவிடு’ என்று அகராதியில் போட்டிருக்கிறார்களே! கொடுப்பது எப்படியம்மா விடுவதாகும்?” என்று கேட்கிறாளாம். “எனக்கும் விடை தெரியவில்லை, சுவாமி. தங்கள் பகுதியில் விளக்கினால் எங்களைப் போன்ற பலருக்கும் பயன்படும்” என்று அந்த அன்னை முடித்திருக்கிறார்.

நியாயமான கேள்வி. அதைவிட, எனக்குப் பழைய கதையொன்றை நினைவூட்டிய கேள்வி.

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது ஆங்கிலக் கட்டுரை என்றாலே எனக்குக் காய்ச்சல் வரும். ஒரு முறை என் கட்டுரை முழுவதும் சிவப்பு மையால் நனைந்து திரும்பி வந்தது. ஆயினும், ஆசிரியர் இரக்கம் மிக்கவர். பக்கத்தின் அடியில் ‘டோன்ட் கிவ் அப்’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அதை நான் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். ‘மேலே கொடுக்காதே’ என்று பொருள் கொண்டேன். அதாவது, இனிமேல் கட்டுரை நோட்டை ஆசிரியர் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று உத்தரவு! எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. மூன்று வாரம் நோட்டை வைக்கவேயில்லை. நான்காம் வாரம் ஆசிரியர் அழைத்துக் காரணம் கேட்டார். “நீங்கள்தானே ஐயா, கொடுக்க வேண்டாம் என்று எழுதினீர்கள்?” என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. “நீ சோர்ந்துபோய் விட்டுவிடாதே என்றல்லவா எழுதினேன்!” என்றார். அவர் எனக்குத் தந்த ஊக்கத்தையே நான் விடுமுறையாக்கிக்கொண்டேன்.

ஆகவே, இந்தக் கேள்வியைக் கேட்ட மகளுக்கு முதலில் ஆறுதல் கூறுகிறேன். தவறு அவளுடைய அறிவில் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’, ‘இன்’ போன்ற சிறு சொல்லொன்று வந்து ஒட்டும்போது, இரண்டின் பொருளும் மறைந்து மூன்றாவது பொருளொன்று பிறந்துவிடுகிறது. 1755இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இதைக் குறிப்பிட்டு, அயல்நாட்டார்க்குப் பெருந்தொல்லை தருவது இவ்வகைக் கூட்டுச் சொல்லே என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இவற்றை இன்று ‘ஃபிரேசல் வெர்ப்’ என்கிறோம். அப்பெயர் 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியே பரவியது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி கூறிய யோசனை அது என்று அவரே தெரிவிக்கிறார். பெயர் புதியது. பொருளோ மிகப் பழையது.

எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். இங்கிலாந்தில் பீட்டர்பரோ என்னும் ஊரின் துறவு மடத்தில், 1154ஐ ஒட்டிய காலத்தில் துறவி ஒருவர் தம் நாட்டு நிகழ்ச்சிகளை எழுதி வைத்தார். ஸ்டீபன் மன்னன் சாலிஸ்பரி ஆயர் ரோஜரையும், லிங்கன் ஆயர் அலெக்சாண்டரையும் பிடித்துச் சிறையிலிட்ட செய்தி அதில் வருகிறது. அக்காலத்து ஆயர்கள் சிலர் கோட்டைகளைக் கட்டிப் படைவீரரையும் வைத்திருந்தனர். அவர்கள் தங்கள் கோட்டைகளை விட்டுக்கொடுக்கும்வரை மன்னன் அவர்களைச் சிறையில் வைத்தான் என்று எழுதும் இடத்தில், அத்துறவி கையாளும் வினை இந்தக் ‘கிவ் அப்’தான். ஆங்கிலத்தில் இத்தொடருக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. நம் ஆயர்களிடம் இன்று கோட்டை இல்லை என்பதற்காக நன்றி கூறிவிட்டு மேலே செல்வோம்.

அந்தக் கோட்டையில்தான் நம் மகளின் கேள்விக்கு விடை இருக்கிறது. தோற்றவன் கோட்டையை வென்றவனிடம் கொடுக்கிறான். கொடுத்த அதே நொடியில் அது அவன் கையை விட்டுப் போகிறது. பெறுகின்றவன் பக்கம் நின்று பார்த்தால் அது கொடுத்தல். இழக்கின்றவன் பக்கம் நின்று பார்த்தால் அது விடுதல். நாளடைவில் பெறுகின்றவன் மறைந்துபோனான். விடுதல் மட்டும் எஞ்சியது. புகைப்பதை ஒருவன் ‘கிவ் அப்’ செய்யும்போது அதை வாங்கிக்கொள்ள எதிரே யாரும் நிற்பதில்லை. அவன் விடுகிறான், அவ்வளவே.

சரி, ‘அப்’ எதற்கு? இங்கே அது திசையைக் காட்டவில்லை. ஒரு செயல் மிச்சமின்றி முடிந்ததைக் காட்டுகிறது. ‘ஈட் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் உண். ‘யூஸ் அப்’ என்றால் முழுவதும் தீர்த்துவிடு. ‘டேர் அப்’ என்றால் துண்டு துண்டாகக் கிழித்துப் போடு. குடித்த நீர் தொண்டை வழியே கீழேதான் இறங்குகிறது. ஆயினும் ஆங்கிலேயன் ‘டிரிங்க் அப்’ என்றுதான் கூறுகிறான்!

இதைக் கேட்டு நாம் நகைக்கலாகாது. நம் தாய்மொழியும் இதே வித்தையைச் செய்கிறது. ‘வந்துவிட்டான்’ என்கிறோம், வந்தவன் எதை விட்டான்? ‘பார்த்துக்கொள்’ என்கிறோம்; பார்த்தவன் எதைக் கொள்கிறான்? ‘தொலைத்துப்போட்டான்’ என்கிறோம், தொலைந்த பொருளை எங்கே போட்டான்? ‘விடு’, ‘கொள்’, ‘போடு’ என்னும் சொற்கள் துணைவினைகளாக வரும்போது தம் சொந்தப் பொருளைத் துறந்து, முதல் வினையின் நிறைவையோ, பயனையோ, அலட்சியத்தையோ காட்டுகின்றன. ஆங்கிலத்தில் ‘அப்’ செய்யும் பணியைத் தமிழில் பல இடங்களில் ‘விடு’ செய்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, ‘விட்டுக்கொடு’ என்னும் அழகிய சொல் நம்மிடம் இருக்கிறதன்றோ? விடுதலையும் கொடுத்தலையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் பிணைத்து வைத்திருக்கிறார்கள். “கொடுப்பது எப்படி விடுவதாகும்?” என்று கேட்ட மகளிடம் அச்சொல்லைச் சொல்லிப் பாருங்கள், விளங்கிக்கொள்வாள்.

இனி, வழக்கில் இத்தொடர் பெறும் பொருள்களை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, ஒரு பழக்கத்தையோ தொழிலையோ விட்டுவிடுதல். ‘ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்’ என்றால் அவர் புகைப்பதை விட்டுவிட்டார். இங்கே நம்மவர் தவறு செய்யும் இடமொன்று உண்டு. ‘கிவ் அப்’ என்பதற்குப் பின் மற்றொரு வினை வந்தால் அது ‘இங்’ என்று முடிய வேண்டும். ‘கேவ் அப் டு ஸ்மோக்’ என்று எழுதுவது பிழை.

இரண்டாவது, முயற்சியில் தளர்ந்து நின்றுவிடுதல். இப்பொருளில் எதை விட்டான் என்று கூற வேண்டிய தேவையில்லை. ‘ஷி நெவர் கிவ்ஸ் அப்’ என்றால் அவள் ஒருபோதும் மனம் தளர்ந்து பின்வாங்குவதில்லை. குழந்தைகள் விடுகதை போடும்போது விடை தெரியாதவன் ‘ஐ கிவ் அப்’ என்பான். ‘தோற்றேன், நீயே சொல்’ என்பது அதன் கருத்து. என் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியது இந்தப் பொருளில்தான்.

மூன்றாவது, தனக்குரியதை இன்னொருவர் பொருட்டு விட்டுக்கொடுத்தல். பேருந்தில் இளைஞன் ஒருவன் எழுந்து முதியவருக்கு இடம் தந்தால், ‘ஹி கேவ் அப் ஹிஸ் சீட்’ என்பார்கள். ஆங்கிலம் பேசும் கிறிஸ்தவர்கள் தவக்காலம் தொடங்கும்போது, “இந்த ஆண்டு எதைக் ‘கிவ் அப்’ செய்யப்போகிறாய்?” என்று ஒருவரையொருவர் வினவுவது வழக்கம். நாம் ஒறுத்தல் என்பதையே அவர்கள் அவ்வாறு கூறுகின்றனர்.

நான்காவது, ஒப்படைத்தல், சரணடைதல். ‘ஹி கேவ் ஹிம்செல்ஃப் அப் டு தி போலீஸ்’ என்றால், அவன் தானே சென்று காவலரிடம் சரணடைந்தான். பீட்டர்பரோ துறவி கண்ட பழைய பொருள் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஐந்தாவது, ஒருவரைக் குறித்து நம்பிக்கை இழத்தல். இதற்கு ‘ஆன்’ என்னும் சொல்லும் கூட வரும். ‘டோன்ட் கிவ் அப் ஆன் யுவர் சன்’ என்றால், ‘உன் மகன் தேறமாட்டான் என்று கைகழுவிவிடாதே’ என்று பொருள். ‘ஆன்’ இல்லாமல் ‘டோன்ட் கிவ் அப் யுவர் சன்’ என்றாலோ, மகனைப் பிறரிடம் ஒப்படைத்துவிடாதே என்று பொருள் மாறக்கூடும். ஒரு சிறு சொல் செய்யும் வேறுபாட்டைப் பாருங்கள். ‘தி டாக்டர்ஸ் ஹாவ் கிவன் ஹிம் அப்’ என்னும் வழக்கும் உண்டு. அதை நாம் ‘மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள்’ என்போம்.

ஆறாவது, ‘கிவ் அப் தி கோஸ்ட்’ என்னும் மரபுத்தொடர். ‘கோஸ்ட்’ என்றதும் இன்று பேய்தான் நினைவுக்கு வருகிறது. பழைய ஆங்கிலத்திலோ அது ஆவி, உயிர் என்னும் பொதுப்பொருளைத் தந்தது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியம் ஆபிரகாமின் மரணத்தையும், அனனியாவின் மரணத்தையும், ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்டதையும் இத்தொடராலேயே குறிக்கிறது. இதில் நுட்பமொன்று உண்டு. மாற்கு 15:37இல் கிரேக்க மூலம் மூச்சை வெளியே விட்டார் என்னும் கருத்துடைய வினையைத் தருகிறது. யோவான் 19:30இலோ ஒப்படைத்தார், கையளித்தார் என்னும் கருத்துடைய வேறொரு வினை வருகிறது. முன்னது விடுதல், பின்னது கொடுத்தல். ஆங்கிலமோ இரண்டையும் ‘கேவ் அப்’ என்று ஒன்றாகவே மொழிபெயர்த்தது. கொடுத்தலையும் விடுத்தலையும் ஒருங்கே சுமக்கும் தொடராதலால் அது இயன்றது. இன்று இத்தொடர் விளையாட்டுப் பேச்சுக்கும் இறங்கிவிட்டது. பழைய மோட்டார் வண்டி இனி ஓடாது என்று நின்றுவிட்டால், அது ‘கேவ் அப் தி கோஸ்ட்’ என்று கூறிச் சிரிப்பார்கள்.

இலக்கணக் குறிப்பொன்றையும் மறவாதீர்கள். விடப்படும் பொருளைப் பெயர்ச்சொல்லாகக் கூறினால் அதை முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ‘கிவ் அப் தி ஜாப்’ என்பதும் சரி. ‘கிவ் தி ஜாப் அப்’ என்பதும் சரி. ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் மட்டும் அது நடுவில்தான் நிற்கும். ‘கிவ் இட் அப்’ என்பதே முறை. ‘கிவ் அப் இட்’ என்பது ஒருபோதும் இல்லை.

இத்தொடரின் உறவினர்களையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். ‘கிவ் இன்’ என்றால் பிறர் வற்புறுத்தலுக்கு இணங்கிப் போதல். ஆசிரியரிடம் நோட்டை ஒப்படைப்பதற்கும் அதுவே சொல். அன்று நான் செய்த குழப்பத்தின் வேர் எங்கே என்று இப்போது விளங்குகிறதா? ‘கிவ் அவே’ என்றால் இலவசமாகக் கொடுத்துவிடுதல், இரகசியத்தை வெளிப்படுத்திவிடுதல். ‘கிவ் அவுட்’ என்றால் பலருக்கும் வழங்குதல், அல்லது தீர்ந்துபோதல். ‘கிவ் வே’ என்றால் வழிவிடுதல், அல்லது பாரம் தாங்காமல் சரிதல்.

இவையெல்லாம் தேர்வுக்கு உதவும். ஆனால், இத்தனை பக்கம் இரண்டே சொற்களுக்காக நான் செலவிடுவதற்கு வேறொரு காரணம் உண்டு.

2013ஆம் ஆண்டு, நான் அப்போது பணியாற்றிய பங்கில் கட்டடத் தொழிலாளி ஒருவர் வேலைத்தலத்தில் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். முப்பதாம் நாள் கழிந்த ஒரு மாலையில் அவருடைய மனைவி, பத்தாம் வகுப்பில் படித்த மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். கையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருந்தது.

“வேலை கொடுத்தவங்க அனுப்பியிருக்காங்க, சாமி. நான் கையெழுத்துப் போடணுமாம். நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடுங்க சாமி. நாளைக்கே செக் தர்றாங்களாம்” என்றார்.

“இதில் என்னம்மா எழுதியிருக்கிறது?”

“பையன் படிச்சுச் சொன்னான் சாமி. நமக்குச் சேர வேண்டியதையெல்லாம் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கிறோமாம்.”

மாலைத் திருப்பலிக்கு மணி அடித்துவிட்டது. கோவிலில் மக்கள் காத்திருந்தனர். ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது: நான் பேனாவைத் திறந்துவிட்டேன். கையெழுத்துக்குரிய இடத்தைத் தேடிக் கண் கீழே இறங்கியபோது, இரண்டு சொற்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. ‘கிவ் அப் ஆல் கிளெய்ம்ஸ்’ என்றிருந்தது. இன்றும் இனியும் தமக்குள்ள எல்லா உரிமைகளையும் விட்டுவிடுவதாக அந்தப் பெண்மணி எழுதிக்கொடுக்கும் தாள் அது! அதற்கு ஈடாக அவருக்குக் கிடைக்கவிருந்தது ஈமச் செலவுக்குக்கூடப் போதாத ஒரு தொகை.

சிறுவன் என்ன செய்தான்? நான் எட்டாம் வகுப்பில் செய்ததையே செய்தான். ‘கிவ்’ என்றால் கொடு. ‘அப்’ என்றால் மேலே. ‘கிளெய்ம்ஸ்’ என்றால் கோரிக்கைகள். கோரிக்கைகளை மேலிடத்திற்குக் கொடுக்கிறோம்! ஒவ்வொரு சொல்லையும் சரியாகவே அறிந்திருந்தான். மொத்தத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. என் பிழைக்குக் கிடைத்தது வகுப்பறைச் சிரிப்பு. அவன் பிழைக்கு ஒரு குடும்பம் விலை கொடுத்திருக்கும்.

மறுநாள் அறிமுகமான வழக்கறிஞர் ஒருவரிடம் அவர்களை அழைத்துச் சென்றேன். அந்நாளில் நடைமுறையிலிருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தை அவர் எடுத்துக் காட்டினார். தொழிலாளியின் இழப்பீட்டு உரிமையை நீக்கவோ குறைக்கவோ செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று அதன் 17ஆம் பிரிவு கூறுகிறது என்றார். மரணம் நேர்ந்தால் இழப்பீட்டைக் குடும்பத்தார் கையில் கொடுத்து முடித்துக்கொள்ளாமல், அதற்கான ஆணையரிடமே செலுத்த வேண்டும் என்றும் விளக்கினார். “கையெழுத்துப் போட்டிருந்தாலும் வழக்காடியிருக்கலாம், ஃபாதர். ஆனால், கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று எண்ணி எத்தனை பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்!” என்று அவர் கூறியது இன்னும் என் செவியில் ஒலிக்கிறது. வழக்கு ஓராண்டுக்கு மேல் நடந்தது. முடிவில் ஆணையர் வழியே இழப்பீடு வந்து சேர்ந்தது.

அந்த ஓராண்டு எளிதாகக் கழியவில்லை. சிறுவன் பல நாள் என் முகத்தைப் பார்க்கவே கூசினான். பிறகு ஒரு நாள் வந்து, “நான் படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போறேன் சாமி. நான் படிச்ச படிப்பு அம்மாவை ஏமாத்தப் பார்த்துச்சு” என்று அழுதான். அவனை உட்காரவைத்து என் கட்டுரை நோட்டின் கதையைக் கூறினேன். அழுகைக்கிடையே சிரித்துவிட்டான். “தம்பி, என் ஆசிரியர் எனக்கு எழுதியதையே உனக்கும் சொல்லுகிறேன். அதற்கு என்ன பொருள் என்று இப்போது நீ சொல்” என்றேன். சரியாகச் சொன்னான். படிப்பை விடவில்லை.

ஆதலால், பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள். பிள்ளைகள் இத்தகைய தொடர்களைச் சொல் சொல்லாகப் பிரிக்காமல், முழுத்தொடராக, ஒரு வாக்கியத்தோடு சேர்த்து நோட்டில் எழுதிப் பழகட்டும். அகராதியில் ‘கிவ்’ என்னும் சொல்லோடு நின்றுவிடாமல், அதன் கீழே வரிசையாக வரும் தொடர்களையும் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: பொருள் முற்றும் விளங்காத தாளில் எவர் அவசரப்படுத்தினாலும் கையெழுத்திடாதீர்கள். “தமிழில் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. உங்கள் பங்குத்தந்தையிடம் கொண்டுவருவீர்களாயின், அவர் திருப்பலிக்கு விரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் நீட்டாதீர்கள்!

அஞ்சலட்டை எழுதிய அன்னைக்கும், கேள்வி கேட்ட மகளுக்கும் என் ஆசீர். விட வேண்டியது எது, விடக்கூடாதது எது என்று அறிவது வாழ்நாள் பாடம். தீய பழக்கத்தை விடலாம். பிறர்க்காக நம் இருக்கையை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளைகளின் உரிமையையும், அவர்கள்மேல் வைத்த நம்பிக்கையையும் விடலாகாது.

அடுத்த திங்கள், குடும்ப வாழ்க்கைக்கு மிகவும் தேவையான மற்றொரு தொடரைக் காண்போம். ‘புட் அப் வித்’ என்றால் என்ன? மாமியாரும் மருமகளும் அதற்குள் விடை கண்டு வைத்திருங்கள்.